ஆள் தெரியாத வெளிச்சம்

1

இங்கே அக்டோபர் பாதியிலேயே கல்லறை விளக்குகள் கடைக்கு வந்துவிடும். சிவப்புப் பிளாஸ்டிக் குப்பிக்குள் மெழுகு, மேலே ஒரு மூடி. காற்றடித்தாலும் அணையாது. பால் வாங்கப் போனால் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். நியூரம்பெர்க்குக்கு வந்த முதல் வருடம், அது எதற்கானது என்று தெரியாமல் நானும் என் மனைவி மெர்சியும் இரண்டு வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் ஏற்றி வைத்தோம். கீழ் வீட்டு அம்மா கேக் கொடுக்க வந்தவர், அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, உங்கள் வீட்டில் யார் இறந்தது என்று கேட்டார். 'யாரும் இல்லை, அழகுக்காக' என்று சொல்ல எனக்கு அப்போது ஜெர்மன் வரவில்லை. தெரிந்த சொற்களைக் கூட்டி ஏதோ சொன்னேன். அதற்கு 'இன்னும் தெரியவில்லை' என்று அர்த்தம் என மெர்சி பிறகு சொன்னாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

இந்த வருடம் அந்த அடுக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது அப்பாவின் அழைப்பு வந்தது.

"அமலு, எங்கிட்டு இருக்க?"

"கடையிலப்பா. சொல்லுங்க."

"உபதேசியார் வந்துட்டுப் போறாரு. கல்லறைத் திருநாளுக்குப் பேரு குடுக்கணுமாம். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமைக்குள்ள."

"குடுங்க. வருசா வருசம் குடுக்குறதுதானே."

"அதெல்லாம் குடுத்தாச்சு."

பிறகு அப்பா பேசவில்லை. அப்பா பேசாமல் இருந்தால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடக் கூடாது. காத்திருக்க வேண்டும்.

"அண்ணன் பேரையும் இந்த வருசம் குடுத்துரலாம்னு பாக்குறேன்" என்றார்.

எங்களுக்கு ஆவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். பழைய வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பம். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். சாயங்காலம் ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடும். பங்குச் சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவார், உபதேசியார் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கொடுத்த இறந்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவர்களுக்காக ஊர் மொத்தமும் சேர்ந்து செபிக்கும்.

என் அண்ணன் சவரிமுத்து இறந்தானா என்று எங்களுக்குத் தெரியாது. கம்பி கட்டுகிற வேலைக்காகச் சவுதிக்குப் போனான். கடைசியாகப் பேசியபோது, வேறொரு இடத்துக்கு அனுப்புகிறார்கள், "அங்கன டவர் இருக்காதாம்டா, நானே கூப்புடுறேன்" என்றான். கூப்பிடவில்லை. அவன் வேலை பார்த்த இடத்தில் கேட்டபோது, முகாமை விட்டு ஓடிவிட்டான் என்றார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. என் மகள் ரீனா அப்போது பிறக்கவில்லை. இப்போது கிண்டர்கார்டன் போகிறாள்.

"அம்மா என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"ஒங்கம்மாகிட்ட இதப் பேச முடியுமாடா? போன வருசம் வாயெடுத்ததுக்கே ரெண்டு நாளு சோறு எறக்கல. எம் புள்ளயக் கொல்லப் பாக்குறியாங்குறா."

"அப்பறம் ஏம்ப்பா?"

"நீ சொல்லு, இருக்கான்னா சந்தோசம். இல்லாமப் போயிருந்தான்னா? இத்தன வருசமா ஒரு பூச இல்ல, ஒரு செபம் இல்ல. மத்தவுகளுக்கெல்லாம் வீட்டாளுக வேண்டிக்கிறாக. அவுக ஒவ்வொருத்தரா எந்திரிச்சு மோட்சத்துக்குப் போறாக. இவன் மட்டும் நம்மளுக்கு யாருமே இல்ல போலன்னு அங்கனயே உக்காந்துருப்பான்ல?"

அங்கே என்று அப்பா சொன்னது உத்தரிக்கிற ஸ்தலத்தை. இறந்தவர்கள் மோட்சம் போவதற்கு முன் காத்திருக்கும் இடம். அங்கிருப்பவர்கள் தங்களுக்காகத் தாங்களே எதுவும் செய்துகொள்ள முடியாது, பூமியில் உள்ளவர்கள்தான் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று ஞாயிறு மறைக்கல்வியில் நானும் அண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கிறோம்.

"நீதான் படிச்சவன். நீ சொல்லு" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் இந்த ஒரு வாக்கியம் போதும். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான் ஒருவன்தான். எந்த உரம் போடுவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, வங்கிக்காரன் சொல்வதை நம்பலாமா, எல்லாவற்றுக்கும் பதில் என்னிடம் இருக்கிறது என்று நம்புகிறார்கள். அண்ணன் உயிரோடிருக்கிறானா என்பதும் நான் படித்ததில் எங்கோ இருக்கும் என்று அப்பா நினைக்கிறார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்றேன்ப்பா" என்றேன்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்பவர்களிடம் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த முறை தப்பிக்க முடியாது. அந்த நாட்களில் வேலையில் நடந்ததும் வீட்டில் நடந்ததும் எனக்குள் தனித்தனியாகப் பிரியவே இல்லை.

மண்ணுக்கடியில் கண்ணாடி இழைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தலைமுடி கனம்தான் இருக்கும். ஒரே இழைக்குள் பல நிற வெளிச்சங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் போகும். கண்ணுக்குத் தெரியாத நிறங்கள். ஒவ்வொரு நிறமும் ஓர் ஊரின் பேச்சையும் படத்தையும் மொத்தமாகத் தூக்கிச் செல்லும். வழியில் சந்திப்பு நிலையங்கள் உண்டு. இந்த நிறம் இடப்பக்கம், அந்த நிறம் வலப்பக்கம் என்று அங்குள்ள கருவிகள் பிரித்துவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆள் போய், கண்மாய் மடையைத் திறப்பதுபோல அந்தந்தக் கருவியில் கைவைத்து வழி மாற்ற வேண்டும். இப்போது அந்தப் புத்தியைக் கருவிகளிடமிருந்து எடுத்து ஒரே மென்பொருளில் வைத்துவிட்டோம். கன்ட்ரோலர் என்போம். எல்லா நிலையங்களையும் எல்லா நிறங்களையும் அது ஒரே வரைபடமாகப் பார்க்கும். எங்கோ ரோடு போடுபவர்கள் பள்ளம் தோண்டிக் கேபிளை அறுத்துவிட்டால், யாரையும் கேட்காமல் அந்த நிறங்களை வேறு பாதைக்குத் திருப்பிவிடும். அதை எழுதிப் பராமரிக்கும் குழுவில் நானும் ஒருவன்.

அதற்கு ஒரு குணம் உண்டு. தன் வரைபடத்தில் இல்லாததை அது இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் கையால் நடத்தப்பட்ட ஒரு பழைய பாதையை அதன் பொறுப்பில் விடுவதற்கு முன், அங்கே உண்மையில் என்னென்ன வெளிச்சம் ஓடுகிறது என்று கணக்கெடுத்து, ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்த வாரம் அப்படி ஒப்பிட்டபோது ஒரு நிறம் கூடுதலாக இருந்தது.

ஒரு நிலையத்தில் ஏறுகிறது. ஒரு மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இன்னொரு நிலையத்தில் இறங்குகிறது. யாருடையது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

சில வாடிக்கையாளர்கள் இரண்டு முனையிலும் தங்கள் சொந்தக் கருவியை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தை மட்டும் எங்கள் இழையில் ஏற்றி அனுப்புவார்கள். அந்நிய அலை என்று அதற்குப் பெயர். இதுவும் அப்படி ஒன்று. அது எவ்வளவு பிரகாசமாக வருகிறது என்று நாங்கள் பார்க்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. அதைவிடச் சங்கடம் ஒன்று உண்டு. அந்த முனையில் எல்லோரும் எழுந்து போய்விட்டாலும், கருவியை யாரும் நிறுத்தாத வரை வெளிச்சம் வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே வெளிச்சம் வருகிறது என்பதால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தமாகிவிடாது.

அண்ணனின் போன் அவன் பேச்சு நின்ற பிறகும் பல மாதங்கள் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. "அடிக்குதுல்ல, அப்ப இருக்கான்" என்று அம்மா அடுப்படியில் போய் வேலையைப் பார்ப்பாள். நான்தான் அப்போது அவளுக்கு விளக்கினேன், மணி அடிப்பதற்கு ஆள் வேண்டாம் என்று. படித்தவன் அல்லவா.

3

அந்த நிறத்தை அப்படியே விட்டுவிட வழியில்லை. புதிதாக ஏற்றப்போகும் பெரிய அலைகள் அகலமானவை. அவற்றுக்கு இடைவெளியில்லாமல் இடம் வேண்டும். இந்த ஒல்லி வெளிச்சம் சரியாக நடுவில் நின்றது. திருச்சி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டின் நடுவே யாரோ துண்டு போட்டுவிட்டுப் போன மாதிரி. இதை என் சக ஊழியர் மாரெக்கிடம் சொன்னபோது, துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கத்தை முதலில் விளக்க வேண்டியிருந்தது. போலந்துக்காரர், என்னைவிட மூத்தவர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

"ஆள் வரலன்னா துண்டத் தூக்கிக் கீழ போட வேண்டியதுதானே?" என்றார்.

"போட்டா சண்டைக்கு வருவாங்க."

"அதுதான் வேணும். அணைச்சிரு. யாரு கத்துறாங்கன்னு பாரு. கத்துனவனுது அந்த வெளிச்சம். யாரும் கத்தலன்னா அங்க யாரும் இல்ல."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் இது வழக்கமான முறை. கத்தல் சோதனை என்றே அதற்குப் பெயர்.

"கத்தத் தெரியாதவங்களா இருந்தா?" என்று கேட்டேன்.

மாரெக் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நெட் கட்டானா கத்தத் தெரியாத மனுஷன் எந்த ஊர்ல இருக்கான்?"

எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். அண்ணனைக் காணவில்லை என்று மனு கொடுக்க நானும் அப்பாவும் ஒரு திங்கட்கிழமை புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். வெயிலில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, "என்ன வேணும் பெரியவரே?" என்றார். அப்பா கும்பிட்டுக்கொண்டு சொன்னார்: "ஒண்ணுமில்லங்க ஐயா. பையனக் காணோம்ங்க."

ஒண்ணுமில்லங்க. அந்தச் சொல்லோடுதான் அப்பா எந்த ஆபீசிலும் பேச்சைத் தொடங்குவார். எங்கள் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான். ரசீது கொடுத்தார்கள். "நல்ல மனுசன், உக்காரச் சொன்னாரு பாத்தியா" என்று பஸ்ஸில் ஊர் வரும்வரை அந்த அதிகாரியையே புகழ்ந்துகொண்டு வந்தார். தூதரகத்துக்கு நான் எழுதியவற்றுக்குத் தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அப்பா அதற்கும் மகிழ்ந்தார். யாருக்கும் கேட்கிற மாதிரி எங்கள் வீட்டில் ஒருவரும் கத்தவில்லை. எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருவர், யாரும் கத்தவில்லை, ஆகவே யாரும் இல்லை என்று முடிவு செய்திருப்பார்.

இங்கேயும் அது என்னை விடவில்லை. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது உடன்பிறந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். ஓர் அண்ணன் என்றேன். எங்கே வசிக்கிறார் என்றார் அந்தப் பெண். தெரியாது என்றேன். உயிரோடு இருக்கிறாரா என்றார். அதுவும் தெரியாது என்றேன். அவர் திரையில் மேலும் கீழும் தேடினார், எனக்குப் பொருந்துகிற தேர்வு எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் மிகவும் மரியாதையாக, "உங்களுக்குச் சம்மதமென்றால் நான் அண்ணனைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறேன்" என்றார். சம்மதம் என்றேன்.

ஆகவே அந்த நிறத்துக்கு ஆள் தேடினேன். மலைக்கு அந்தப் பக்கத்து நிலையத்தைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார்கள். அந்த இன்னொருவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு காலத்தில் அந்தப் பாதையை வாடகைக்கு எடுத்திருந்த கம்பெனி வேறொன்றோடு சேர்ந்து, அதுவும் மற்றொன்றோடு சேர்ந்துவிட்டது. எல்லாரும் அன்பாகவே பதில் எழுதினார்கள். யாருக்கும் தெரியவில்லை.

4

வாரக் கடைசியில் ஊருக்கு வீடியோ அழைப்பு. அப்பா பேச்சை எடுப்பாரோ என்று எனக்குப் பயம். அவர் மழை பெய்யவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். அம்மா போனை முகத்துக்கு மிக அருகில் வைத்துக்கொள்வாள். அவள் நெற்றியும் ஒரு கண்ணும்தான் எங்களுக்குத் தெரியும்.

ரீனாவின் கிண்டர்கார்டனில் ஒரு முயல் இறந்துவிட்டது. டீச்சர் மறைக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டி வைத்து, இது செத்துவிட்டது, இனி வராது என்று சொல்லி, தோட்டத்தில் புதைத்து, மேலே கல் வைத்து, அதில் பெயர் எழுத விட்டிருக்கிறார்கள். ரீனாவுக்கு அன்றிலிருந்து அதே பேச்சு. அவளுக்கு வீட்டில் தமிழ், வெளியில் ஜெர்மன். சுற்றி வளைத்துப் பேசுவது மட்டும் இரண்டிலும் அவளுக்கு வராது. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அண்ணனின் போட்டோவைப் பார்த்துவிட்டு, போனை இழுத்துத் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள்.

"அப்பத்தா, பெரியப்பா செத்துட்டாங்களா?"

மெர்சி போனைப் பிடுங்கக் கை நீட்டினாள். அதற்குள் அம்மாவே பதில் சொன்னாள்.

"இல்லடி தங்கம். வேலைக்குப் போயிருக்காக."

"எப்ப வருவாங்க?"

"வேல முடிஞ்சதும்."

"அப்ப ஏன் போன் பண்ணல?"

திரையில் அம்மாவின் நெற்றி அப்படியே இருந்தது. பிறகு ஓட்டுக் கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. போனைக் கீழே வைத்துவிட்டாள். "ஒங்க தாத்தாகிட்ட பேசு கண்ணு" என்ற குரல் மட்டும் தள்ளி இருந்து கேட்டது.

இத்தனை வருடத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் அம்மாவிடம் நேராகக் கேட்காத கேள்வி அது. ரீனாவை நான் திட்டவில்லை. அவள் என்னைப் பார்த்து, "அப்பத்தாவுக்குத் தெரியல, இல்லப்பா?" என்றாள். பிறகு வண்ணப் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

5

எங்கள் குழுத் தலைவி ஸபீனா. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பதற்றமானால் இப்போதும் 'மேடம்' வந்துவிடும்.

"மேடம், அந்த நிறத்த ஒரே அடியா அணைக்க வேண்டாம்" என்றேன் திங்கட்கிழமை காலையில்.

"அமல், நீ மேடம்னு கூப்பிட்டா ஏதோ பெருசா கேக்கப் போறன்னு அர்த்தம்."

நான் கேட்டது இதுதான். கன்ட்ரோலரால் ஒரு நிறத்தைச் சட்டென்று மறிக்கவும் முடியும், கொஞ்சம் கொஞ்சமாக மங்க வைக்கவும் முடியும். தினம் கொஞ்சம் மங்கலாக்குவோம். மங்கினால் எதிர்முனைக் கருவி முதலில் முனகும், வெளிச்சம் குறைகிறது என்று அலாரம் எழுப்பும். அங்கே யாராவது இருந்தால், முழுதாகப் போவதற்கு முன்பே கவனித்து எங்களைத் தேட அவகாசம் கிடைக்கும். உடனே கத்தாதவர்களுக்கும் ஒரு வாய்ப்பு.

ஸபீனா வேலை அட்டவணையைத் திறந்து பார்த்தார். "சரி. ஆனா வாரக் கடைசிக்குள்ள அந்த இடம் எனக்கு வேணும்" என்றார்.

அதற்கான சிறு நிரலை நானே எழுதினேன். ஒவ்வொரு நாள் காலையும் அது அந்த வெளிச்சத்தை ஒரு படி இறக்கும், பக்கத்து நிறங்கள் அசையவில்லை என்று பார்த்துக்கொள்ளும், பிறகு காத்திருக்கும். நானும் காத்திருந்தேன். அழைப்பு வரக்கூடிய எண்கள், மின்னஞ்சல் பெட்டிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாரெக் போகிறபோது என் மேசையைத் தட்டி, "யாராவது அழுதாங்களா?" என்பார். இல்லை என்பேன். நாலாவது தடவை அவர் கேட்கவில்லை. மேசையைத் தட்டாமலே தன் இடத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பகலில் மிச்சத்தையும் மறித்தேன். திரையில் ஒரு பச்சைக் கோடு சாம்பல் நிறமானது. அவ்வளவுதான். மாலை வரை யாரும் கத்தவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, வெளிச்சம் எங்கள் இழைக்குள் ஏறுகிற வாயிலின் அளவைத் திறந்து பார்த்தேன். பார்க்கத் தேவையில்லாத இடம். அங்கே அது முழுப் பிரகாசத்தோடு வந்துகொண்டிருந்தது. யோசித்தால் இதில் வியப்பில்லை. நாங்கள் எங்கள் பக்கத்துக் கதவைத்தான் சாத்தினோம். விளக்கு அவர்களுடையது, அது அங்கே எரிந்துகொண்டேதான் இருக்கும். சாத்திய கதவின் மேல் வந்து விழுந்துகொண்டே இருக்கும்.

"இன்னும் வருது" என்றேன் மாரெக்கிடம்.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டே திரையைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "அதத் தெறந்து வச்சுப் பாக்காத அமல். வீட்டுக்குப் போ" என்றார்.

6

சனிக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டேன். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அண்ணன் இருந்தால், ஊரே சேர்ந்து அவனுக்காக ஒரு செபம் சொன்னதாக இருக்கட்டும், அதனால் நட்டமில்லை. இல்லாமல் போயிருந்தால், அவனுக்கு அது வேண்டும். இரண்டு பக்கமும் பார்த்தால் பெயர் கொடுப்பதுதான் சரி. "குடுத்துருங்கப்பா."

"சரிப்பா, நீ சொன்னாச் சரிதான்" என்றார். குரல் இலகுவாகியிருந்தது. "ஒங்கம்மாகிட்ட, அமலு சொல்லிட்டான்னு சொல்லிர்றேன்."

அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கணக்கில் அண்ணன் இருந்தான், உத்தரிக்கிற ஸ்தலம் இருந்தது, நட்டமும் லாபமும் இருந்தன. அம்மா எங்கே இருந்தாள் என்று இப்போது தேடிப் பார்க்கிறேன்.

கல்லறைத் திருநாள் அன்று ஊரில் பொழுது சாயும்போது இங்கே நடுப்பகல். போனோடு நான் பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மஞ்சள் அடித்த கல்லறைகள், மாலைகள், சாம்பிராணிப் புகை, குழந்தைகளை அதட்டும் பெண்கள். "ஏய் அதத் தாண்டாத, அது ஒங்க முப்பாட்டன்" என்று ஒரு குரல். உபதேசியார் மைக்கைத் தட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயரும் தகப்பன் பெயரோடு வந்தது.

எத்தனையோ நாள் ஊருக்குப் பேசும்போது படம் உறைந்து, குரல் அறுந்து, சேர்ந்து வந்திருக்கிறது. அன்று ஒரு சின்னத் தடங்கல்கூட இல்லை. எத்தனை இழைகள், எத்தனை நிலையங்கள் தாண்டி வந்திருக்கும். "சூசை மகன் சவரிமுத்து" என்பது, பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி என் காதில் விழுந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேறிடத்தில் இறந்தவர்களுக்கு, கல்லறை இல்லாதவர்களுக்கு, தோட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அப்பா போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அங்கே போனார். மேல்நோக்கிய காமிராவில் அவர் தாடையும், அதற்கு மேல் இருட்டத் தொடங்கிய வானமும் தெரிந்தன. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. காற்றுக்கு இரண்டு தடவை அணைந்து மூன்றாவதில் பற்றியது.

"அம்மா எங்கப்பா?" என்றேன்.

"அங்கிட்டு நிக்கிறா. ஒங்க தாத்தா கல்லறகிட்ட. கூப்புட்டேன், வரல."

7

மறுநாள் ரீனாவைக் கூட்டிவரக் கிண்டர்கார்டனுக்கு நடந்துகொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து அழைப்பு. அம்மா தானாக என்னைக் கூப்பிட்டதில்லை. அப்பா போட்டுக் கொடுத்தால்தான் பேசுவாள்.

"சாப்புட்டியாப்பா?"

"சாப்புட்டேம்மா. நீ?"

"இன்னும் இல்ல. ஒங்கப்பா கூட்டத்துக்குப் போயிருக்காரு. பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட குடுத்துப் போடச் சொன்னேன். அங்கிட்டுக் குளுரா?"

"குளுருதும்மா."

"புள்ளைக்குக் காத மூடிவிடு."

"சரிம்மா."

கோபம் இருந்தால் அதிலேயே தெரிந்திருக்கும். இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, பேரு குடுத்தது..." என்று தொடங்கினேன்.

"அத விடு. குடுத்தாச்சு, வாசிச்சாச்சு. நான் வேற ஒண்ணு கேக்கத்தான் கூப்புட்டேன். நீதான் சொல்லணும்."

"சொல்லும்மா."

"அண்ணன் ஒரு நா வந்து வாசல்ல நிக்கிறான்னு வையி."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன்.

"வச்சுக்க. வந்துட்டான். ஊருக்குள்ள எவளாச்சும் சொல்லாம இருப்பாளா, ஒம் பேரச் செத்தவுகளோட சேத்து மைக்குல வாசிச்சுட்டாகன்னு? அவன் ஒங்கப்பாகிட்ட கேக்க மாட்டான். எங்கிட்டதான் வருவான். ஏம்மா, நீ இருந்துமாம்மா விட்டன்னு கேப்பான்."

"ம்."

"நான் என்னப்பா சொல்றது?"

கிண்டர்கார்டன் வேலிக்குள் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ரீனா என்னைப் பார்த்துவிட்டாள். கையைக் காட்டி ஒரு நிமிடம் என்றேன்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டேன். எனக்குப் பதிலு வரல" என்றாள் அம்மா. "தம்பிதான் குடுக்கச் சொன்னான்னு சொல்லிரவா?"

"சொல்லும்மா. நான்தான் சொன்னேன்னு சொல்லு."

"ஒன்னயத் திட்டுவானேடா. கோவக்காரன்ல அவன்."

"திட்டட்டும்மா" என்றேன். ரீனா வேலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மாவும் லைனை வைக்காமல் காத்திருந்தாள்.

"வந்து திட்டச் சொல்லும்மா."